மியூரியல் ரீச்சர் தேடிய கூடாத பற்றரி

நல்ல பற்றரி எது என்று கேட்டு வருகிறவர்களைத்தான் தம்பிராசா தன் சீவியத்தில் கண்டிருக்கிறான். ஆகக் கூடாத பற்றரி எது என்று கேட்டு வந்த முதல் ஆள் மியூரியல் ரீச்சர். அதுவும் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த காலத்தில், பேனா ரோர்ச்சுக்குப் போடுகிற சின்னப் பற்றரிக்காகச் சனம் நாயாய் அலைந்த நேரத்தில்.

ரீச்சருக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை. மெதடிஸ்ற் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்து இளைப்பாறிய, நிதானமான மனுசி. அவருக்கு இருந்தது பயம். புருசன் எட்வேர்ட்டுக்குக் காது கேட்டுவிடுமோ என்ற பயம்.

எட்வேர்ட் சாவகச்சேரிக் கோட்டில் முப்பது வருசம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி தும்மினால் அந்தத் தும்மலையும் ஆங்கிலத்தில் நீதவானுக்குச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார் என்று பகிடியாகச் சொல்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்பார். அவர்கள் குடியிருந்த ஒழுங்கையில் அவரோடு கொழுவாத வீடு கிடையாது. பிறகு காது போயிற்று. லண்டனிலிருந்து மகன் ஒரு காதுக்கருவி அனுப்பினான். நெருப்புப்பெட்டி அளவில் ஒரு பெட்டி சட்டைப்பையில் இருக்கும், அதிலிருந்து வயர் காதுக்குப் போகும். கூட வந்த பற்றரிகள் தீர்ந்தபின் உப்புத்தண்ணீரில் அவித்தார்கள், மிளகாயோடு சேர்த்து வெயிலில் காயவைத்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. ரீச்சர் காதோடு வாயை வைத்துக் கத்தினால் மட்டும் எட்வேர்ட்டுக்குச் சொல் விளங்கும். மற்றவர்கள் கத்தினால் இரைச்சல்தான்.

அங்கேதான் வினை தொடங்கியது. எட்வேர்ட்டின் தென்னை ஒன்று பக்கத்து வளவு நமசிவாயத்தின் கிணற்றுக்கு மேலே சாய்ந்து நின்றது. ஒருநாள் தேங்காய் கிணற்றுக்குள் விழ, நமசிவாயம் வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கத்தினார்.

"டேய் செவிட்டு மூதேவி! தென்னையை நீ தறிக்கிறியோ, இல்லை நான் தறிக்கவோ?"

"என்னவாம்?" என்று எட்வேர்ட் மனைவியைக் கேட்டார்.

ரீச்சர் அப்போதுதான் அடுப்போடு மாரடித்துவிட்டு வந்திருந்தார். இன்னொரு சண்டையைத் தாங்க உடம்பில் தெம்பில்லை. காதில் வாயை வைத்து, வேலிக்குக் கேட்காதபடி கையைக் குவித்து மறைத்துக்கொண்டு, "உங்கடை தேங்காய் நல்ல ருசியாம். நீங்கள் சுகமோ எண்டு கேக்கிறார்" என்றார்.

எட்வேர்ட் திகைத்துப்போனார். பிறகு எழும்பி நின்று கைகூப்பினார். "அயலுக்கை என்ன கணக்கு? விழுகிற தேங்காய் எல்லாம் உங்களுக்குத்தான். கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்!"

நமசிவாயத்தின் தலை மெதுவாக வேலிக்குக் கீழே இறங்கியது.

அதற்குப் பிறகு ரீச்சரால் நிறுத்த முடியவில்லை. வசவு எல்லாம் அவர் வாய்க்குள் போய் வாழ்த்தாக வந்தது. செவிடு வந்தபின் எட்வேர்ட் ஞானியாகிவிட்டார் என்று ஒழுங்கை பேசியது. அதே ஒழுங்கை லூர்த்தம்மாவும் மருமகள் ஸ்ரெல்லாவும் ஒரு முறை தலைமயிரைப் பிடிக்காத குறையாக அவரிடம் நியாயம் கேட்டு வந்தார்கள். ஒருவரை ஒருவர் புகழ வந்திருக்கிறார்கள் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். எட்வேர்ட் கண் கலங்கி, "இப்படி ஒரு மாமியையும் மருமகளையும் நான் கோட்டிலை கண்டதே இல்லை" என்றார். இருவரும் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய் ஒன்றாக இடியப்பம் பிழிந்தார்களாம். போதகர் அவரைப் பிரசங்கத்தில் உதாரணம் காட்டினார். இதெல்லாம் சுத்தப் பொய்யின் மேல் நின்ற சமாதானம். ஆனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து ரீச்சர் கண்ட முதல் சமாதானம் அதுதான்.

அந்த நேரம் பார்த்து எட்வேர்ட் ஏதோ பழைய சஞ்சிகையில் படித்துவிட்டு வந்து நின்றார். "திருப்பித் திருப்பிச் சார்ஜ் பண்ணிற பற்றரி இருக்காம். தம்பிராசாவிட்டைக் கேட்டு, சார்ஜரோடை நல்லதாய்ப் பாத்து வாங்கி வாரும்."

ரீச்சர் வெறுங்கையோடு திரும்பினால் மனுசன் தானே புறப்பட்டுவிடுவார். ஏ-ஒன்பது வீதியில் லொறி வருவது கேட்காத மனுசன். அதனால்தான் சந்தைப் பக்கத்தில் றேடியோ திருத்துகிற தம்பிராசாவின் மேசைக்கு முன்னால் ரீச்சர் அந்தக் கேள்வியோடு போய் நின்றார்.

தம்பிராசா மேசைக்குக் கீழிருந்து பிஸ்கற் ரின்னை எடுத்தான். உள்ளே பளபளவென்று ஒரு வெளிநாட்டுச் சார்ஜர். பச்சை லைற், சிவப்பு லைற்.

"உது எப்பிடித் தம்பி?"

"அருமையான சாமான் ரீச்சர். ஆனால் சுவரிலை கொழுவ வேணும். எங்கை கரண்ட்? கரண்ட் போய் ரெண்டு வருசம்."

ரீச்சரின் முகம் மலர்ந்தது. "அதையே தாரும்."

"விளங்கேல்லையே உங்களுக்கு? கரண்ட் இல்லை!"

"அதுதான் தம்பி. தாரும்."

"நான் தர மாட்டன். நாளைக்குத் தம்பிராசா ரீச்சரை ஏமாத்திப்போட்டான் எண்டு சனம் கதைக்கும்."

எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. தான் செய்த மரப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவிலிருந்து இந்தப் பெட்டி வழியாகப் பற்றரிக்குக் கரண்ட் ஏறும்.

"உது கெதியா ஏத்துமோ?"

"இல்லை ரீச்சர், சரியான மெதுவு. ஒரு பகல் முழுக்கச் சுத்த வேணும். ஆனால்..."

"போதும். இதைத் தாரும்." ஒரு பகல் முழுக்க யார் சுற்றப் போகிறார்கள்?

பிறகு பற்றரி, இரண்டு விதம். ஒன்றில் இலக்கம் பெரிதாக, பொன் எழுத்தில் அடித்திருந்தது. கையில் எடுத்தால் நெட்டி போலப் பாரமில்லாமல் இருந்தது. மற்றது சாம்பல் நிறம், பாரம், இலக்கமும் சின்னது. இலக்கம் பெரிதென்றால் கனக்கச் சார்ஜ் கொள்ளும் என்ற அளவு ரீச்சருக்குத் தெரியும். சாம்பல் நிறத்தில் சோடி ஒன்றைப் பொறுக்கினார்.

தம்பிராசா எழும்பியே நின்றுவிட்டான். "ரீச்சர், நீங்கள் விசயம் தெரிஞ்ச ஆள்! எல்லாரும் அந்தப் பொன் எழுத்திலை விழுகிறவை. அது பொய் இலக்கம், உள்ளுக்கை ஒண்டுமில்லை. பாரமானதுதான் நிண்டு பிடிக்கும். மெதுவாய் ஏத்தினால் வருசக்கணக்கிலை பாவிக்கலாம். ஆகத் திறமானதாய்ப் பாத்து எடுத்திட்டியள்!"

திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் ரீச்சர் காசை எண்ணினார்.

வீட்டுக்கு வந்தபின்னும் ஒரு நம்பிக்கை இருந்தது: பெடல் சுற்ற ஆள் வராது. ஆனால் செய்தி ஒழுங்கைக்குள் பரவியதும், தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக வந்தவர் நமசிவாயம்.

"நான் எவ்வளவு பேசியிருப்பன் ரீச்சர்! ஒரு சொல்லுக்கும் அந்த மனுசன் கோவிக்கேல்லை. இந்தப் புண்ணியத்தை எண்டாலும் செய்யிறன்."

சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வேர்க்க வேர்க்கச் சுற்றினார். அவர் களைக்க லூர்த்தம்மா, லூர்த்தம்மா களைக்க ஸ்ரெல்லா. போதகரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து சுற்றினார். தங்கள் தலையில் தாங்களே மண் போட ஊரே வரிசையில் நிற்பதை ரீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையைத் தாமதமாக்கத் தேத்தண்ணீர் மேல் தேத்தண்ணீர் கொடுத்தார். அது அவர்களுக்குத் தெம்பாகத்தான் போயிற்று.

அடுத்த நாள் காலை எட்வேர்ட் பற்றரியைப் போட்டு, சுவிச்சைத் தட்டினார். காகம் கத்தியதற்கு நிமிர்ந்து பார்த்தார். ரீச்சர் வேலிப் பக்கம் பார்த்தார்.

அந்தப் பாழாய்ப்போன தென்னை வேறு நாள் பார்க்கவில்லை. தொபுக்கடீர் என்று கிணற்றுக்குள் தேங்காய் விழுந்தது. முதல் நாள் பட்ட பாட்டையெல்லாம் மறந்து, பழக்கதோசத்தில் நமசிவாயத்தின் தலை வேலிக்கு மேலால் வந்தது.

"டேய் செவிட்டு மூதேவி! உன்னையும் உன்ரை தென்னையையும் ஒண்டாய்த் தறிச்சால்தான் எனக்கு நிம்மதி!"

சொல்லி முடித்தபின்தான் எட்வேர்ட்டின் காதிலிருந்த வயரை நமசிவாயம் கண்டார். எட்வேர்ட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. கோட்டுக் காலத்துப் பழைய எட்வேர்ட் எழும்பி வருவது ரீச்சருக்குக் கண்ணால் தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

எட்வேர்ட் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "என்னவாம் மியூரியல்?"

ரீச்சர் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார். சுவிச் போட்டபடிதான் இருந்தது. ஆனாலும் பழகிய வாய். "தேங்காய்... தேங்காய் நல்ல ருசியாம். நீங்கள் சுகமோ எண்டு கேக்கிறார்."

எட்வேர்ட் எழும்பிக் கைகூப்பினார். "நல்ல சுகம் எண்டு சொல்லும். கர்த்தர் அவரை ஆசீர்வதிக்கட்டும்."

நமசிவாயம் அதைக் கேட்டுக்கொண்டே வேலிக்குக் கீழே மறைந்தார். எட்வேர்ட் சுவிச்சை நிறுத்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வெற்றிலைத் தட்டைத் தேடினார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "முப்பது வருசம் ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்தனான் மியூரியல். அந்தக் கோட்டாலை ஒருத்தரும் ராசியாய், சமாதானமாய் வீட்டை போனதை நான் காணேல்லை. ஒழுங்கைக்கு உம்மடை மொழிபெயர்ப்பே போதும். அதுக்குப் பற்றரியை ஏன் வீணாக்குவான்?"

ரீச்சருக்கு அழுகை வந்தது. எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்காமல் அவருடைய சோற்றில் கறி விட்டார்.

எட்வேர்ட் இடக்கையால் சட்டைப்பையைத் தடவி, சுவிச்சைத் தட்டினார். "இப்ப நீர் ஏதாவது கதையும். கத்தாமல், உம்மடை குரலிலை."

ஊருக்கெல்லாம் வாழ்த்து இட்டுக்கட்டிய வாய்க்கு அகப்பட்டது இவ்வளவுதான். "சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றார் ரீச்சர், மெதுவாக.

எட்வேர்ட் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொருக்காச் சொல்லும்" என்றார்.