பெண் பார்க்க வந்தவர் வைத்த இங்கிலீஷ் பரீட்சை

அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டார்கள். படித்த மருமகள் வேண்டும், ஆனால் மாமனாரைவிட அதிகம் தெரிந்திருக்கக் கூடாது. இந்த நியாயம் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. ஆசிரியர் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். "நல்ல மாப்பிள்ளை அமைஞ்சா பயிற்சி கியிற்சி எல்லாம் கிடையாது" என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கேசரித் தட்டோடு கூடத்துக்கு வரும்போதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். கேசரியைத் தொடுவதற்கு முன்பே 'அப்பா மகளுக்குப் புடவை கொடுத்தார்' என்பதை இங்கிலீஷில் சொல்லி, "இதை பாசிவ் வாய்ஸ்ல மாத்தும்மா" என்றார்.

செயப்பாட்டு வினையில் இரண்டு விதமாக மாற்றிச் சொன்னேன். புடவையை முதலில் வைத்து ஒன்று, மகளை முதலில் வைத்து இன்னொன்று.

"ரெண்டாவது தப்பு. புடவையைத்தானே கொடுத்தாரு, மகளையா கொடுத்தாரு?" என்று சிரித்தார்.

"தப்பில்லைங்க. இங்கிலீஷ்ல ரெண்டும் சரி" என்றேன்.

சமையலறை வாசலிலிருந்து அம்மா கண்ணாலேயே அதட்டினாள். "பெரியவர் சொல்றாரு லா, விடும்மா" என்றார் அப்பா. விட எனக்கு மனசில்லை. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, நான் சொன்னது தப்பா?" என்று கேட்டேன்.

பெண் பார்க்கும் இடத்தில் பெண் கேள்வி கேட்டால் கூடம் என்னவாகும்? அத்தனை பேரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு விடை தெரியும், முகத்திலேயே தெரிந்தது. தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கோப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அப்பா சொன்னா சரிதான்" என்றார்.

மரியாதை தெரிந்த பிள்ளை என்று என் அப்பா பிறகு அவருக்காக வக்காலத்து வாங்கினார். எனக்கோ வேறு கணக்கு ஓடியது. நாளைக்கு அந்த வீட்டில் எனக்கு எது நடந்தாலும் இந்த மனிதர் இப்படித்தான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் தரகர் வந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், வாயை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

"எனக்கு அவரைப் பிடிக்கலப்பா" என்றேன்.

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் நானே சொல்றேன்."

நான் பிடிவாதமாக நின்றதில் அந்தச் சம்பந்தம் கலைந்தது. பயிற்சி தொடங்கிய அன்று காலையிலும் அந்தக் கோபத்தில் வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை. நானே தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கதவைச் சத்தமாகச் சாத்திக்கொண்டு பஸ் ஏறப் போனேன்.