பனைமரத்தடியில் இரண்டு சமாதி

எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் விறைப்பாக நடந்தால் போதும், "பட்டாளத்துத் தாத்தா ரத்தம் இல்ல" என்பார் பெரியப்பா. பட்டாளத்துத் தாத்தா என்பவர் என் அப்பாவுக்குத் தாத்தா. பர்மா சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பியவர். அவர் இறந்தபோது பெரியப்பாவுக்கே தவழும் வயதுதான். ஆனாலும் ஆறடி உயரம், முறுக்கு மீசை, தோளில் துப்பாக்கி என்று பெரியப்பா சொல்லிச் சொல்லி, நாங்களும் தாத்தாவை நேரில் பார்த்தவர்களாகவே ஆகிவிட்டோம்.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், முன்பு எங்களுடையதாக இருந்த புஞ்சையில், பனைமரத்தடியில் அவர் சமாதி இருந்தது. வெறும் மண்மேடுதான். காணும் பொங்கலன்று ஆட்டுக்கறியும் சுருட்டும் படைத்துக் கும்பிடுவோம். பக்கத்தில் சின்னதாக இன்னொரு மேடு. அது யாருடையதென்று யாருக்கும் தெரியாததால், அதன்மேல்தான் பைகளையும் செருப்புகளையும் வைப்போம்.

நான் ஐந்தாவது படித்தபோது அந்த இடத்தில் ஏதோ கம்பெனிக்கு மதில் எழுப்ப ஆரம்பித்தார்கள். மேஸ்திரி இளகிய மனசுக்காரர்.

"எது உங்க பெரியவரு சமாதின்னு காட்டுங்க. அத்த உட்டுட்டு செவுத்தை வளைச்சிக்கினு போறோம்" என்றார்.

பெரியப்பா யோசிக்காமல் பெரிய மேட்டைக் காட்டினார். திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வந்திருந்த அத்தைக்கு மட்டும் சந்தேகம்.

"புதைச்சப்ப நீ பாத்தியாண்ணே? தப்பா காட்டிட்டா தாத்தா மேலயே செவுரு ஏறிடும்."

தாத்தாவோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில் இருப்பதாகக் கேள்வி. பெரியப்பாவும் அத்தையும் நானும் ஷேர் ஆட்டோவில் போய் விசாரித்துக் கண்டுபிடித்தோம். காது மந்தம், கண் பரவாயில்லை. விஷயத்தைக் கேட்டதும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். வந்து இறங்கியவர் நேராகச் சின்ன மேட்டுக்குப் போய், அதன்மேலிருந்த என் செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"தாத்தா, அது இல்ல, இது" என்று பெரியப்பா பெரிய மேட்டைக் காட்டினார்.

"அது கழுதைப்பா" என்றார் அவர்.



"அண்ணன் இம்மாந்தான் இருப்பாரு" என்று தன் தோள் உயரத்தைக் காட்டினார் கிழவர். "நாங்க எங்கப்பா துப்பாக்கி தூக்குனோம்? குண்டுப்பொட்டி சொமக்கிற கோவேறு கழுதைங்களை ஓட்டிக்கினு போவோம். திரும்பி வந்ததும் பொன்னேரியில சலவைக்காரர்கிட்ட ஒரு கழுதைய வாங்குனாரு. வேலைக்கு இல்ல, சும்மா. அது செத்தப்ப அவரே பொதைச்சி மேடு கட்டுனாரு. என்னையும் இது பக்கத்துலயே போடுங்கன்னாரு. நாந்தான் குழி வெட்னேன்."

பெரியப்பா பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்ப இத்தினி வருசமா கறி, சுருட்டு எல்லாம்..."

முதலில் சிரித்தது அத்தைதான். பிறகு மேஸ்திரி, ஆட்டோக்காரர், கடைசியில் பெரியப்பாவும்.

சிரித்து முடித்ததும் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பெரியவருக்கு எடம் உடலாம்மா. கழுதைக்கெல்லாம் உட்டா மேல இருக்கிறவங்க என்னைக் கேப்பாங்க."

"அப்ப அண்ணனுக்கும் வோணாம்" என்று கிழவர் இரண்டு மேட்டுக்கும் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் அத்தையும் உட்கார்ந்தாள். ஆறடித் தாத்தாவை அப்போதுதான் இழந்திருந்த பெரியப்பா ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு கழுதையின் பக்கமாகப் போய் உட்கார்ந்தார். மேஸ்திரி யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில் நூல் கட்டியிருந்த முளைகளைப் பிடுங்கி, இரண்டு மேட்டையும் வெளியே விட்டு மறுபடி அடித்தார்கள். எனக்குத் திருவிழா பார்த்த மாதிரி இருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் கிழவர் பக்கத்தில் நான் இருந்தேன்.

"கழுதைய வெச்சிக்கினு தாத்தா இன்னா பண்ணுவாரு?" என்று காதருகே கத்திக் கேட்டேன்.

"சாயங்காலம் ஆனா அது பக்கத்துல குந்திக்கினு பேரு சொல்லிக்கினு இருப்பாரு, பாப்பா. ஊட்ல ஆருகிட்டயும் சொல்ல மாட்டாரு."

"இன்னா பேரு?"

"அங்க பர்மாவுல உட்டுட்டு வந்தோமே, அந்தப் பேருங்க" என்றவர், சாலையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். "முனுசாமி. காதர். தேவசகாயம். சின்னத்தம்பி..." பொன்னேரி தாண்டியும் பெயர்கள் தீரவில்லை. அதுவரை சிரித்துக்கொண்டே வந்த அத்தை ஏனோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன், எங்கள் தாத்தா பட்டாளத்தில் கழுதைகளுக்கெல்லாம் மனுசப் பேர்தான் வைத்திருந்தார் என்று.