பெயர் எழுத வேண்டியதில்லை

போன செவ்வாய்க்கிழமை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஆதார் கார்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுக்க வேண்டும். "குடுங்க சார், நான் வைக்கறேன்" என்று கார்டை வாங்கிய ஆளை நிமிர்ந்து பார்த்தேன். லூர்துசாமி!



யார் இந்த லூர்து என்கிறீர்களா? சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாராவாரம் ஊரார் குறையையெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதிக் கிழிக்கிறவன், ஒரு வாரமாவது தன் குறையை எழுத வேண்டாமா?

மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு மாநாடு. ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் கம்ப்யூட்டர், சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற டெக்னிக்கல் ஊழியர்களுக்காக இரண்டு நாள் நடத்தினார்கள். நிறைவு விழாவுக்கு நான் சிறப்பு விருந்தினர். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பாஸ்வேர்டை மறக்கத் தெரியும். "பொதுவாப் பேசுங்க சார், போதும்" என்றார்கள். பொதுவாகப் பேசுவதில் நான் கில்லாடி ஆயிற்றே... ஒப்புக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டின்போது எனக்குத் துணையாக உட்கார வைக்கப்பட்டவர்தான் லூர்து. நாற்பதைத் தாண்டிய ஆள். ஒரு கல்லூரியில் சிஸ்டம் டெக்னீஷியன்; மாநாட்டு வேலைக்கும் அவரை இழுத்துப் போட்டிருந்தார்கள். கான்ட்ராக்ட் வேலை, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள்.

"எந்த ஊரு?" என்றேன்.

"கம்மாபுரம் பக்கங்க. நெலம் சுரங்கத்துக்குப் போயிடுச்சு. இப்ப இந்த வேலைய நம்பித்தான் வூடு ஓடுது."

"வேலை நல்லாப் போகுதா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "எங்க காலேஜில எக்ஸாம் செக்‌ஷன்ல யூபிஎஸ் பேட்டரிங்கல்லாம் வயிறு உப்பிப் போய் இருக்குதுங்க. அழுவின முட்டை நாத்தம். கேள்வித்தாள் ரகசியம்னு ஜன்னலப் பலகை அடிச்சு மூடிட்டாங்க. அதே ரூம்ல கோமதின்னு ஒரு பொண்ணு, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மார்க் என்ட்ரி போடுது. இருமிக்கினே கெடக்குது. ரெண்டு தடவ மயங்கி வுழுந்துடுச்சுங்க. ஒருநாள் பேட்டரி வெடிச்சா மூஞ்சியிலதான் ஆசிட் அடிக்கும்."

"மேல சொல்லலையா?"

"மூணு லெட்டரு போட்டேங்க."

"அடப்பாவமே" என்றேன். இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிற்பகலில் மேடை. பொன்னாடை, நினைவுப் பரிசாக ஒரு பீங்கான் ஜாடி, கைதட்டல். திரையில் ஒரு க்யூஆர் கோடு போட்டார்கள். மாநாட்டைப் பற்றிய ஃபீட்பேக் ஃபார்ம். அதை நிரப்பினால்தான் சர்டிஃபிகேட். சர்டிஃபிகேட் இருந்தால்தான் கான்ட்ராக்ட் ஃபைல் நகரும். "பெயர் எழுத வேண்டியதில்லை. மனம் திறந்து எழுதுங்கள்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே! மைக்கைப் பிடித்தேன். "நண்பர்களே, சாம்பார் பிரமாதம், ஏசி குளுகுளுன்னு இருந்ததுன்னு எழுதாதீங்க. உங்க வேலை இடத்துல என்ன வேதனை இருக்கோ அதை எழுதுங்க. பேர்தான் இல்லையே... அப்புறம் என்ன பயம்?"

பலத்த கைதட்டல். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது ஜெராக்ஸ் கடையில் லூர்து.

"என்னங்க இது, இங்க?"

"கான்ட்ராக்ட்டு ரினிவல் ஆவலீங்க சார்."

'குறைகள் ஏதேனும் இருப்பின்' என்று ஃபார்மில் ஒரு கேள்வி. லூர்து அதில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். பேட்டரி, பலகை அடித்த ஜன்னல், கோமதியின் மயக்கம், பதில் வராத மூன்று கடிதங்கள். பத்தே நாளில் கல்லூரியில் கூப்பிட்டுவிட்டார்கள். மாநாட்டைப் பற்றிக் கேட்டால் காலேஜ் மானத்தை வாங்குவியா என்று நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

"பேர்தான் இல்லையே லூர்து?"

"சர்டிஃபிகேட்டு மெயில்ல வரணுமே சார். மெயில் ஐடி போட்டாத்தான வரும்? ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்துல அது நிக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அந்த ஹாலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் ஆட்கள். அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரியாதவன் மைக் பிடித்த நான் ஒருத்தன்தான். கைதட்டிவிட்டு எல்லோரும் சமர்த்தாக சாம்பாரைப் பற்றி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"மன்னிச்சிடுங்க லூர்து. நான்தான் உங்களைத் தூண்டிவிட்டு மாட்ட வச்சிட்டேன்."

"அய்ய, நீங்க வேற! அந்த ஃபார்ம செட் பண்ணதே நான்தாங்க. பேரு போவும்னு தெரிஞ்சேதான் எழுதுனேன்."

"தெரிஞ்சேவா? ஏன்?"

"லெட்டரு காலேஜைத் தாண்டாதுங்க. ஃபீட்பேக்கு நேரா யுனிவர்சிட்டிக்குப் போவும். அங்க ஒருத்தராவது படிப்பாங்கன்னு பார்த்தேன்."

"படிச்சாங்களா?"

"படிச்சாங்களே! படிச்சிட்டு, 'உரிய நடவடிக்கைக்கு'ன்னு எழுதி எங்க காலேஜுக்கே அனுப்பிட்டாங்க. நடவடிக்கையும் எடுத்துட்டாங்க." சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"கோமதி?"

"அதே ரூமுதாங்க. அதே பேட்டரிதான். ரெண்டு புள்ளைய வச்சிக்கினு தனியா நிக்கிது, வேலைய வுட்டுட்டு எங்க போவும்? போன வாரம் ஃபோன் பண்ணிச்சு. இருமல்ல பாதி பேச்சு புரியல."

கார்டையும் தாளையும் கொடுத்தார். பின்னால் ரெண்டு பேர் காத்திருந்தார்கள். எனக்கு நகர மனம் வரவில்லை. "நீங்க சாப்பாட்டு நேரத்துல சொன்னப்பவே நானாவது சொல்லியிருக்கணும். பெரிய அதிகாரிங்க எல்லாம் மேடையில என் பக்கத்துலதான உட்கார்ந்திருந்தாங்க" என்றேன்.

"வுடுங்க சார். விருந்தாளிங்களுக்கும் அந்த ஃபார்மைத்தான் அனுப்புனோம். எல்லாத்தையும் தொகுத்துக் குடுத்தது நான்தான். ஒங்களோடதையும் படிச்சேங்க."

குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்த ஆளின் ரேஷன் கார்டை வாங்கி மெஷினில் வைத்தார்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்று காரில் வீடு திரும்பும்போது ஃபோனில் தட்டி அனுப்பியது. குறைகள் ஏதேனும் இருப்பின்? 'ஒன்றுமில்லை. ஏற்பாடுகள் மிகச் சிறப்பு.'

பெயர் வெளியே போகாது என்று நம்பிக்கொண்டிருந்தபோது நான் எழுதியது அது!