அப்பாவுக்கு வேர்க்காத மாதங்கள்

போன வாரம் மருத்துவமனையிலிருந்து திரும்பிய என் மகன், "அப்பாவுக்கு ஊசி போட்டாச்சும்மா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனோடு வந்த என் கணவரின் நெற்றியைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. வெயிலில் வந்த வேர்வையாகவும் இருக்கலாம். இருந்தாலும் அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பதினாறு வயதுப் பிள்ளையை இப்படிச் சந்தேகப்படலாமா என்று நீங்கள் நினைக்கலாம். அதே வாக்கியத்தை நான் என் அம்மாவிடம் மூன்று மாதம் சொல்லியிருக்கிறேன். மூன்றும் பொய்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மலேசியாவில், நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பா, எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டினார். அண்ணன்கள் ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட, வீட்டில் மிஞ்சியது பன்னிரண்டு வயதில் நான் ஒருத்திதான். அப்பாவுக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்ததும், ஏழு வாரம் கோலாலம்பூரில் தங்கிக் கதிர் சிகிச்சை எடுத்துக்கொண்டு வந்தார். தோட்டத்தில் அதைக் கரண்டு வைப்பது என்றார்கள். அவர் வீடு வந்த அன்று, ஷாக் அடிக்குமோ என்று விரல் நுனியால் அவரைத் தொட்டுப் பார்த்தேன்.

கரண்டோடு முடியவில்லை. மாதம் ஒரு முறை மலாக்கா டவுனுக்குப் போய் வயிற்றுத் தோலில் ஓர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு மாதமும் தவறக் கூடாது. கட்டி திரும்ப வராமலிருக்க அந்த ஊசி என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். ஆணின் உடம்பில் சுரக்கும் ஒன்றை அது நிறுத்திவைக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை.

சில வாரங்களில் அப்பாவுக்குத் திடீர் திடீரென்று உடம்பு காந்தத் தொடங்கியது. கழுத்து சிவந்து, பனியன் நனைந்துவிடும். அம்மாவுக்கும் அப்போது மாதவிலக்கு நிற்கும் வயது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு மேசைக் காற்றாடி.

"என்னாங்க, இப்பதானே எம்பக்கம் திருப்புனேன்!"

"எனக்கு உள்ள அடுப்பு எரியுது லா."

"ஒங்களுக்கு இப்பதான் பத்த வச்சிருக்கு. எனக்கு ரெண்டு வருசமா எரியுது. அப்ப கேட்டீங்களா?"

அப்பா சிரித்துவிட்டுக் காற்றாடியை நடுவில் வைப்பார். அது யாருக்கும் சரியாக வீசாது.

அவர் அழவும் ஆரம்பித்தார். ஒரு அதட்டலில் லோரிக் கூட்டத்தையே அடக்கும் மனிதர், தொலைக்காட்சியில் ஒரு தாய் பிள்ளையைத் தேடினால் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார். "ஊசிதான் அப்பாவ அழ வைக்குது. நீ பாக்காத மாதிரி இரு" என்றாள் அம்மா.

ஒரு மாலை ரொட்டி வாங்க அப்பாவோடு காப்பிக் கடைக்குப் போனேன். ஊசியால் அவருக்கு மார்பு பருத்திருந்தது. பனியனில் அது தெரிந்தது. அவரோடு குலை ஏற்றும் மாமா ஒருவர் அங்கிருந்து கத்தினார். "என்னாண்ணே, எங்க வீட்டு ஆளு ரவிக்க ஒங்களுக்குச் சரியா இருக்கும் போல லா!"

கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அதனால் நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அப்பா அந்த வெக்கையிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையில்தான் வெளியே போனார்.

அம்மா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினாள். நினைத்தபோது லீவு கிடைக்காது. அதனால் ஊசி போடப் போகும் நாளில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அப்பாவுக்குத் துணையாகப் போவது நான். அடுத்த மாதம் மலாக்கா பஸ் நிலையத்தில் இறங்கியதும் அப்பா மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை.

"கடல் பாக்கலாமா தாயி?"

தங்கா பத்து என்ற கடற்கரையில் ஒரு மரத்தடியில் சட்டைப் பொத்தான்களை எல்லாம் அவிழ்த்துவிட்டு அப்பா படுத்துக்கொண்டார். நான் முழங்கால் வரை தண்ணீரில் நின்றேன். திரும்பும் முன் மருந்துக் கடையில், ஊசி குத்திய இடத்தில் நர்ஸுகள் ஒட்டுவது போன்ற ஒரு பிளாஸ்டர் வாங்கினார். வீட்டில் அம்மா அதைத்தான் பார்ப்பாள். பஸ் நிலையத்தின் ஓரத்தில் அவர் சட்டையைத் தூக்க, தொப்புளுக்குப் பக்கத்தில் நான் ஒட்டினேன்.

"நேரா ஒட்டும்மா. நர்ஸுங்க கோணலா ஒட்ட மாட்டாங்க."

"ஊசி?"

"அடுத்த மாசம் போட்டுக்கலாம். அம்மாகிட்ட போட்டாச்சுன்னு சொல்லிடு."

அடுத்த மாதமும் கடல்தான். அதற்கடுத்த மாதம், பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடலுக்குப் போகலாமா என்று கேட்டது நான்.

அன்று நாங்கள் வீடு திரும்பியபோது அம்மா பாயில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையோடு அவளெதிரே உட்கார்ந்தார்.

"கொஞ்ச நாளா காத்தாடி எம்பக்கமே நிக்குதுங்க" என்றாள் அம்மா.

"ஒனக்குத்தானே வேக்குது."

"ஒங்களுக்கு?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஊசி போட்டாச்சும்மா" என்றேன், அவள் கேட்பதற்கு முன்பே.

அம்மா எழுந்து வந்து அப்பாவின் சட்டையைத் தூக்கினாள். நான் நேராக ஒட்டியிருந்த பிளாஸ்டரை ஓரத்திலிருந்து உரித்தாள். கீழே ஒரு புள்ளிகூட இல்லை.

"மனுசனா இருக்க விட மாட்டேங்குது புள்ள அந்த ஊசி" என்றார் அப்பா. "ஒனக்கு நான் என்னாத்துக்கு ஆவேன் இனிமே?"

அம்மா என்னை வெளியே போகச் சொல்லவில்லை. நான் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். "ஒங்களுக்கு வேக்கலன்னா எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். காத்தாடிக்கு எங்கூட சண்ட போட ஒரு ஆளு இருந்தா போதும்."

அந்த வாரமே கங்காணியிடம் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு அம்மா அவரை ஊசிக்குக் கூட்டிப்போனாள். அதன் பிறகு ஒரு மாதமும் தவறவில்லை. அப்பா இன்னும் ஒன்பது வருடம் இருந்தார். விட்டுப்போன மூன்று ஊசிகளையும் போட்டிருந்தால் இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பார் என்று நான் பிற்பாடு டாக்டர்களிடம் கேட்டிருக்கிறேன். யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆனால் அன்று மாலை நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. துளி வேர்வை இல்லாமல் உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கம் அம்மா காற்றாடியைத் திருப்பி வைத்தாள். அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஊசிதான் அப்பாவை அழ வைக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தாளே, அவர்தான் மூன்று மாதமாக ஊசியே போடவில்லையே, பிறகு ஏன் அழுகிறார் என்று புரியாமல், உரித்த பிளாஸ்டரைத் தரையிலிருந்து எடுத்து விரலில் ஒட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன்.