நஞ்சுண்டனின் காலிக் கட்டங்கள்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், மின்சாரக் கார்களுக்குச் சார்ஜர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நஞ்சுண்டன் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்யூட் போர்டு வரைந்துவருகிறார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், வயது ஐம்பத்து மூன்று. உலகத்தில் பெரும்பாலானவற்றைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சாஃப்ட்வேர்காரர்களைப் பற்றிச் சுத்தமாகக் கிடையாது. அவர்கள் தப்புச் செய்தால் அழித்து எழுதிக்கொள்வார்கள், போர்டில் தப்புச் செய்தால் புகை வரும் என்பார்.

வரைந்த போர்டை ஆலைக்கு அனுப்புமுன் விதிச் சோதனை ஒன்று உண்டு. செம்புக் கோடுகளுக்கு நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா, துளை விளிம்பை ஒட்டி விழுகிறதா என்றெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்து நூற்றுக்கணக்கில் பிழை சொல்லும். அதில் நிஜப் பிழையும் இருக்கும், வெறும் தொணதொணப்பும் இருக்கும். தொணதொணப்புக்குப் பக்கத்தில் பொறுப்பான ஆள் 'ஓகே' போட்டு, காரணத்தையும் எழுத வேண்டும். நஞ்சுண்டன் ஓகே போடுவார், காரணம் எழுதமாட்டார். இதுவரை ஆயிரத்து முந்நூறு ஓகே. காரணக் கட்டம் அத்தனையும் காலி.

"எழுதி வெச்சா நாளைக்கு எவனாச்சும் படிச்சுட்டு நம்ம சீட்டுல வந்து உக்காந்துக்குவான், கண்மணி," என்று மனைவிக்கு விளக்கியிருக்கிறார். மூன்று ஆட்குறைப்புகளில் தன்னைக் காப்பாற்றியது அந்தக் காலிக் கட்டங்கள்தான் என்பது அவர் நம்பிக்கை. அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் சங்கடம்.

படிக்க எவனும் வரவில்லை. ஏஐ ஏஜென்ட் வந்தது. கொண்டுவந்தவள் டைரக்டர் மாளவிகா. சென்னைப் பெண், முப்பத்து நான்கு வயது, போர்டைவிட மீட்டிங்கை அதிகம் பார்த்தவள். ஏஜென்ட் பிழைப் பட்டியலைத் தானே படிக்கும், கோட்டைத் தானே நகர்த்தும், பட்டியல் பூஜ்யம் ஆகும்வரை விடாது. அறிக்கையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும் நஞ்சுண்டனின் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, புதிய சார்ஜர் போர்டில் நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள் இருபது நிமிடத்தில் பூஜ்யமாயின. மாளவிகா அவர் மேசைக்கே வந்துவிட்டாள்.

"சூப்பர்ல, சார்? ரெண்டு மணிக்கு ஃபேக்டரிக்கு அனுப்பணும். சைன் பண்ணிடுங்க."

"பூஜ்யம்னா எனக்குப் பயமுங்க. பரீட்சைல ஒருத்தன்கூட ஃபெயில் ஆகலைன்னா, கொஸ்டின் பேப்பர் வெளிய போயிருச்சுன்னு அர்த்தம்."

"ஐயோ சார், அதை இன்சல்ட் பண்ணாதீங்க. ரிப்போர்ட்ல உங்க பேரைத்தான் ஆதாரமா காட்டியிருக்கு."

படித்தார். நானூற்றுப் பதினொன்று முறையாகத் திருத்தப்பட்டிருந்தன. சில இடங்களில் அவரைவிடச் சுத்தமாக. அதை அவரால் மன்னிக்க முடியவில்லை. கடைசி ஒன்றுக்கு மட்டும் திருத்தாமலே தானாக 'ஓகே' போட்டிருந்தது. உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் மனிதக் கை படும் பகுதிக்கும் நடுவே, பலகையின் மேற்பரப்பில் எட்டு மில்லிமீட்டர் வேண்டும். இருந்தது ஐந்து. ஏஜென்ட் எழுதியிருந்த காரணம்: 'இதே குறைவை ஏழு போர்டுகளில் நஞ்சுண்டன் ஏற்றிருக்கிறார்.'

ஏற்றது நிஜம். ஆனால் அந்த ஏழிலும் நடுவே நீளத் துளையாக ஒரு ஸ்லாட் வெட்டியிருந்தது. பலகையே இல்லாத இடத்தில் மின்சாரம் ஊர்ந்து போக வழியில்லை. இந்தப் போர்டில் ஸ்லாட் கிடையாது. 'ஸ்லாட் இருக்கிறது' என்ற இரண்டு வார்த்தையை அவர் எழுதியிருந்தால் போதும். எவரையும் மதிக்காத மனிதரை, கேள்வியே கேட்காமல் மதித்திருந்தது அந்த ஜந்து.

கையெழுத்துப் போட்டால், மழை நாளில் சார்ஜர் பிடியைத் தொடும் யாருக்காவது ஷாக் அடிக்கலாம். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் கட்டம் நிரம்பும், சீட்டு காலியாகும். மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது: சத்தமில்லாமல் தானே ஒரு ஸ்லாட் வரைந்துவிடுவது. கை மௌஸுக்குப் போய்விட்டது.

"இந்த ஏஜென்ட் வேற எத்தனை போர்டுல ஓடியிருக்குங்க?"

"ஆறு. நம்ம டெக்ஸஸ் டீம் நேத்தே ரெண்டை ஃபேக்டரிக்கு அனுப்பிட்டாங்க."

கையை எடுத்துவிட்டார். "நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே." பிறகு காரணத்தைச் சொன்னார்.

மாளவிகா டெக்ஸஸுக்குப் பேசிவிட்டுத் திரும்பினாள். ஆலையில் இன்னும் வேலை தொடங்கவில்லை. "இதை ஏன் சார் நீங்க எழுதி வைக்கலை?"

"டைம் இல்லீங்க," என்றார், தினமும் இரண்டு வேளை டீக்கு முக்கால் மணி நேரம் நடக்கிறவர்.

அவர் கட்டத்தில் எழுதிய பதினான்காவது நொடியில் ஏஜென்ட் இந்தப் போர்டிலும் மற்ற ஆறிலும் ஸ்லாட் வெட்டி முடித்தது. நன்றி என்றுகூட எழுதியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மிச்ச ஓகேக்கும் ரீசன் எழுதிடுங்க, சார். எவ்ளோ நாள் ஆகும்? ஒரு மாசம்?"

நஞ்சுண்டன் மிகப் பழைய போர்டைத் திறந்தார். ஒரு திருகுத் துளையை உரசிக்கொண்டு ஒரு கோடு போனது. பக்கத்தில் அவருடைய ஓகே. ஏன் போட்டார்? தெரியவில்லை. அடுத்ததும் தெரியவில்லை. அதற்கடுத்தது, நேர்மையாகப் பார்த்தால், வெறும் தப்பு.

"பத்து மாசம் ஆகுமுங்க," என்றார்.

மாளவிகா சிரித்தாள். வேலையை இழுத்தடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, ஆறு மாதம் கொடுத்தாள்.