வேற மாலைக்கண்

துறைமுகத்தில் மூட்டைகளை எண்ணிக் கணக்கெடுப்பது என் வேலையாக இருந்தது. வெயிலிலிருந்து குடோனுக்குள் நுழைந்தால் கண் இருண்டுவிடும். சும்மா நிற்கப் பிடிக்காமல், அடுக்கு தெரியும்வரை மனதுக்குள் எண்ணுவேன். இளவயதில் அறுபதுக்குள் தெரிந்துவிடும். இப்போது வீட்டு வாசலில் நுழையும்போதும் எண்ணுகிறேன். இருநூறைத் தாண்டினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

விழித்திரையில் இருக்கும் நிறமியைப் பற்றிப் படித்திருக்கிறேன். வெளிச்சம் பட்டதும் அது வெளுக்கிறது. அந்த வெளுப்பிலிருந்துதான் பார்வையே தொடங்குகிறது. மங்கலில் பார்க்க உதவும் நிறமி வெயிலில் பெரும்பாலும் வெளுத்துப்போய், இருட்டில் மெல்லத் திரும்பச் சேரும். அது சேரும் நேரத்தைத்தான் இத்தனை வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் தம்பி சங்கு குளிப்பவன். கடலடியில் வெளிச்சம் குறைவு. போன வருடம் அவன் பையில் சங்கோடு கல்லும் ஏறி வந்தது.

"ஏலே, வீடு கட்டப் போறியா? கல்லா அள்ளிட்டு வார!" என்று வள்ளத்தில் சிரித்தார்கள்.

பிறகு ஒரு சாயங்காலம் அவன் பைக்கோடு ஓடையில் விழுந்தான். சிரிப்பு நின்றது. கண் தேறினால்தான் இனிக் கடல் என்று சொல்லிவிட்டு, வள்ளத்துக்கார அண்ணாச்சி சுறா ஈரல் கொடுத்தனுப்பினார்.

"மாலைக்கண்ணுதாம்ல. எங்கய்யாவுக்கு இதத் தின்னுதான் சரியாச்சு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. அந்த நிறமி உண்டாக வைட்டமின் ஏ வேண்டும். ஈரலில் அது நிறைய உண்டு. தம்பியிடம் சொன்னேன்: "வெயில்லருந்து உள்ள வந்ததும் நின்னு எண்ணு. எண்ணிக்கை கொறஞ்சா கண்ணு தேறுதுன்னு அர்த்தம்."

"மூட்டைய எண்ணுனது போதாதாண்ணே? என் கண்ணையும் எண்ணணுமாக்கும்?"

ஆனாலும் எண்ணினான். முந்நூறு. அடுத்த மாதம் நானூறு. ஈரல் தின்று தின்று தலைவலியும் வாந்தியும் வந்த பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"ஈரலை இன்னைக்கே நிறுத்துங்க," என்றார் டாக்டர். "வைட்டமின் தேவைக்கு மேலயே இருக்கு. நிறமிய வச்சிருக்கிற செல்லுங்கதான் செத்துக்கிட்டு வருது. இது பரம்பரையா வர்றது. திருப்பிக் கொண்டுவர மருந்து இல்ல."

பரம்பரை என்றதும் எனக்கு என் இருநூறு ஞாபகம் வந்தது.

தம்பி கேட்டான்: "மாலைக்கண்ணுதான சார்?"

"மாலைக்கண்தான். ஆனா இது வேற மாலைக்கண்."

அவன் அந்த முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டான். பஸ்ஸில் வரும்போது, "பேரு ஒண்ணுதானண்ணே. அண்ணாச்சியோட அய்யாவுக்குச் சரியாச்சுல்லா," என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் இருவரும் அவன் வீட்டுக்குள் நுழைந்தோம். வாசல் தாண்டியதும் நின்றோம். இருநூற்றுப் பத்தில் எனக்குக் குடம் தெரிந்தது. பிறகு மூலையில் அவன் சங்குப் பை, அவன் சட்டைப் பொத்தான். அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நானூறு வந்ததும் நிறுத்திச் சுவரைத் தடவினான்.

பிறகு ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.