டிங்கியில் ஒரு பக்கெட்

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அடுத்த வாரத்துக்கான டிங்கிப் படகு ட்யூட்டி லிஸ்டைப் பலகையில் ஒட்டுவார்கள். மதியத்திலிருந்தே என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. குடையை எடுக்கிற சாக்கில் நாலு தடவை பலகைப் பக்கம் போய்வருவேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் தீவில், பத்துபஸ்தியில் எங்கள் சந்தில் வனத்துறைக் காக்கி போட்ட முதல் பெண்ணும் நான்தான். சொல்லிக்கொள்ளக் கூச்சமே கிடையாது. உப்பங்கழிக்குள் டிங்கியில் போய், நட்ட அலையாத்திக் கன்றுகளில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எழுதிவருவது என் வேலை. நீர் ஏறும்போது உள்ளே போனால் வற்றுவதற்குள் திரும்ப வேண்டும். அதுவரை கரையில் கால் வைக்க முடியாது, முதலை. அவசரமென்றால் ஆண்கள் படகின் பின்பக்கம் திரும்பி நின்றுகொள்வார்கள். நான் முந்தைய நாள் ராத்திரியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன்.

ஒருநாள் கண் இருட்டி, ஒரே வரிசைக் கன்றுகளை இரண்டு தடவை எழுதிவிட்டேன். ஃபாரெஸ்டர் சார் கண்டுபிடித்துவிட்டார். மதுரைக்காரர், நல்லவர்தான்.

"ஏம்மா, கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஆபீஸ்ல ரெஜிஸ்டர் பாரேன். எதுக்கு வெயில்ல வாடணும்?"

"வெயில் இல்ல சார். தண்ணி குடிக்கல."

"ஏன், உங்க பக்கம் குழாய்ல தண்ணி வரலயா?"

டிங்கி ஓட்டும் ராஞ்சிக்கார அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றே மனு எழுதினேன். தார்ப்பாய் ஒன்று, மூடியுள்ள பக்கெட் ஒன்று. காரணத்தை மூன்று தடவை எழுதி அடித்தேன். கடைசியில் 'பெண் ஊழியர் சிறுநீர் கழிக்க' என்றே எழுதி சாரிடம் நீட்டினேன்.

"இதயெல்லாமா ஃபைல்ல எழுதுவாங்க? மேல படிச்சா என்ன நினைப்பாங்க?"

"படிக்கட்டும் சார்."

"மெயின்லேண்ட்லேர்ந்து சாமான் வர்றதுக்குள்ள நானே ரிட்டயர் ஆயிடுவேன்."

"சாமான் வர்ற வரைக்கும் லிஸ்ட்லேர்ந்து என் பேர எடுக்காதீங்க."

அவர் மனுவை மடித்தார், பிரித்தார். "ஒரே ஒரு தடவ. கணக்கு தப்புச்சுன்னா ஆபீஸ்தான்."

அப்பா கொத்தனார். வேலை நடக்கிற இடத்திலிருந்து காலி பெயின்ட் பக்கெட்டைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தார். டிங்கி ஓட்டும் அண்ணன் படகின் பின்னால் மூங்கில் நட்டுப் பழைய தார்ப்பாயைக் கட்டினார்.

அடுத்த தடவை படகுத்துறையில் எல்லோரும் பார்க்க ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்தேன். பாதி வழியில் கால் நிலைகொள்ளவில்லை.

"பையா, ருக்கியே," என்று நிறுத்தச் சொன்னேன்.

எஞ்சின் நின்றது. கழியில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. கூட வந்த ஃபாரெஸ்ட் கார்டு, அமைதி தாங்காமல், கரைப் பக்கம் திரும்பிக் கன்றுகளைச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு, முப்பது.

"இருபத்தொன்பத விட்டுட்டீங்க," என்றேன் தார்ப்பாய்க்குள்ளிருந்து.

அண்ணன் சிரித்த சிரிப்பில் டிங்கியே ஆடியது. பக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு என் கணக்கு தப்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை லிஸ்டில் என் பேர் இருந்தது. மனு இன்னும் மேல் ஆபீசில்தான் இருக்கிறது.